சட்டைப்பையில் ஒரு பால்மரம்

பழைய மைப்பேனா ஒழுகினால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது நிப்பைத்தான். அதைப் பிடுங்குவார்கள், அழுத்துவார்கள், வளைத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் பேனா ஒழுகும்; போதாக்குறைக்கு எழுத்தும் கெட்டுவிடும். அறுபது, எழுபது வருடம் தாண்டிய பேனாக்களில் நிப்பு அநேகமாகக் குற்றமற்றது. தங்கமானாலும் எஃகானாலும் அது தன் வேலையை இன்னமும் செய்யக் காத்திருக்கிறது. கெட்டுப்போவது ரப்பர். ரப்பர் கெடாத பேனாவில் ஒழுகலுக்குக் காரணம் உள்ளே அடைபட்ட காற்று.

1910 முதல் 1940 வரை உலகில் பரவலாக விற்ற லீவர் வகைப் பேனாவைக் கழற்றிப் போட்டால் இது விளங்கும். மை தங்குவது மெல்லிய ரப்பர் பையில். நிப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு மையைக் கொண்டுவரும் நாக்கு, எபோனைட் என்னும் கெட்டி ரப்பர். விரல் பிடிக்கும் கழுத்தும், பல பேனாக்களில் உடலும் மூடியும்கூட அதே எபோனைட். நிப்பு, லீவர், கிளிப் என்று சில உலோகத் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டால் மிச்சமுள்ள அத்தனையும் பால்மரத்திலிருந்து வந்தது.

அந்த மரத்தின் ஊர்களில் ஒன்று ஹுத்தான் மெலிந்தாங். மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், பெர்னாம் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். இன்று அந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். ரப்பர் காலத்தை நினைவில் வைத்திருப்பவை தோட்டங்களின் பெயர்களும் முதியவர்களின் பேச்சும். பக்கத்திலேயே இருக்கும் ஜெண்டராட்டா தோட்டத்தின் கதை, 1906-இல் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க் பொறியாளர் தொடங்கிய ஜெண்டராட்டா ரப்பர் கம்பெனியோடு ஆரம்பிக்கிறது. பின்னாளில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் ஆகி, செம்பனைக்கும் தென்னைக்கும் பெயர்பெற்ற அந்த நிறுவனத்தின் முதல் பெயரில் இருந்தது ரப்பர்தான்.

பேராக்குக்கும் இந்த மரத்துக்கும் அதைவிடப் பழைய உறவு உண்டு. ஹென்றி விக்காம் 1876-இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றின் வழிவந்த 22 நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதில் ஒன்பதைப் பேராக்கின் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் தன் மாளிகைத் தோட்டத்தில் நட்டார். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு மரம் கோலகங்சாரில் இன்றும் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. மரம் வந்ததும் தோட்டம் வந்துவிடவில்லை. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவி, நாள்விட்டு நாள் பால் எடுக்கும் முறையை சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி வகுத்துக் காட்டிய பிறகே தமிழர்களின் கையில் உளி ஏறியது.

தோட்டத்தில் பேனாவுக்கு உரியவர் கிராணி. யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் கணிசமாக இருந்த இந்த எழுத்தர்கள்தாம் பிரட்டு எனப்பட்ட விடியற்காலை அணிவகுப்புக் களத்தில் பெயர் கூப்பிட்டார்கள், செக்ரோல் என்ற பதிவேட்டில் வருகையைப் பதிந்தார்கள், பால் கொட்டகையில் நிறுவையைக் குறித்தார்கள். தொழிலாளியின் அன்றைய கூலி அந்தப் பேனாவின் நுனியில் தொங்கியது. செக்ரோலில் மை சிந்தி ஒரு கட்டம் மறைந்துபோனால், மாதக் கடைசியில் அதற்கு வாதாட வேண்டியவர் பால்வெட்டிய பெண்.

பால்வெட்டு நாளே பேனாவை ஒழுகச் செய்யத் தோதாக அமைந்த நாள். விடியுமுன் பிரட்டு, அப்போது கீழ்ப்பேராக்கின் காற்று 24 டிகிரி அளவில் இருக்கும். நண்பகல் நெருங்கப் பால் வாளிகள் கொட்டகைக்கு வரும்போது வெளியே 32, 33. மார்போடு ஒட்டிய சட்டைப்பையில் பேனா 34 டிகிரிக்குப் போய்விடும். நேரடியாக உடலுக்குள் மை ஊற்றும் வகைப் பேனாவை எடுத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் எழுதித் தீர்த்த பேனாவில் ஒன்றரை மில்லிலிட்டர் காற்று இருப்பதாக வைத்தால், பத்து டிகிரி ஏற்றத்தில் காற்று நூற்றுக்கு மூன்றரைப் பங்கு அளவு விரியும். பலரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு: உள்ளே இருப்பது வெறும் காற்றல்ல, மையிலிருந்து எழுந்த நீராவியும் சேர்ந்த காற்று. சூடேறினால் நீராவியும் பெருகும். இரண்டையும் கூட்டினால் விரிவு நூற்றுக்கு ஆறு பங்கை நெருங்குகிறது. ஒன்றரை மில்லியில் ஆறு சதவீதம் என்பது ஏறக்குறைய இரண்டு சொட்டு. செக்ரோலில் விழுந்தது அந்த இரண்டு சொட்டு.

பேனாவில் எந்தப் பழுதும் இல்லாமலே இது நடக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த உபரி மையைத் தாங்குவதற்குத்தான் நாக்கு. நியூயார்க்கில் காப்பீட்டுத் தொழிலில் இருந்த லூயிஸ் எட்சன் வாட்டர்மன் 1884-இல் காப்புரிமை வாங்கியது பேனாவுக்கல்ல, நாக்குக்கு. எபோனைட் தண்டில் ஒரு வாய்க்கால்; வாய்க்காலின் அடியில் மிகக் குறுகிய கீறல்கள். கீறல்களில் மை நுண்புழை ஈர்ப்பால் தானே ஏறி நிப்புக்கு வரும். வாய்க்காலின் மேற்பகுதி வழியாகக் காற்று உள்ளே போகும். மை வெளியேறிய அளவுக்குக் காற்று உள்ளே போனால்தான் அடுத்த மை வரும். இந்தக் கொடுக்கல் வாங்கல் சீராக இருக்கும்வரை பேனா எழுதும், ஒழுகாது. பின்னால் வந்தவர்கள் நாக்கின் அடிப்புறத்தில் சீப்பின் பற்களாக மெல்லிய வெட்டுகளைச் சேர்த்தார்கள். திடீரென்று தள்ளப்படும் மை அந்த இடைவெளிகளில் தங்கிவிட்டு, பேனா குளிர்ந்ததும் உள்ளே திரும்பும். பழைய நாக்குகளில் இந்தப் பற்கள் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. ஆகவே மிகப் பழைய பேனாவைப் பிரமாதமாகப் பழுதுபார்த்தாலும் புதுப் பேனாவின் ஒழுக்கத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. மை பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பி வைப்பதுதான் அதற்குரிய மருந்து. காற்று குறைந்தால் தள்ளும் கையும் குறையும்.

எபோனைட் உடல் சூடேறாது, அதனால் ஒழுகாது என்று பேனா ரசிகர்கள் அழுத்தமாகச் சொல்வார்கள். உலோகத்தோடு ஒப்பிட்டால் உண்மை. பித்தளை எபோனைட்டைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாக வெப்பம் கடத்தும். அக்ரிலிக்கோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. எபோனைட் பேனாக்களுக்குக் கிடைத்த நல்ல பெயரில் பாதி, கடைசலில் விட்டுவைத்த சுவரின் தடிமனுக்குச் சேர வேண்டியது.

சரி, மென்மையான பையும் கெட்டியான நாக்கும் ஒரே பாலிலிருந்து எப்படி வருகின்றன? ரப்பர் மூலக்கூறுகள் மிக நீளமான சங்கிலிகள், சிக்குண்ட நூல்கண்டு. சூட்டில் வழுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் அதில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியபோது, கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கிடையே பாலங்களாக நின்றன. நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் போனால் இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ரப்பர்: பேனாப் பை, சைக்கிள் டியூப், கையுறை. முப்பது பங்கைத் தாண்டி, பல மணி நேரம் வேகவைத்தால் சங்கிலிகள் அசைய இடமின்றிக் கட்டுண்டு கறுத்து இறுகும். அதுதான் எபோனைட், 1851-இல் காப்புரிமை பெற்றவர் சார்ல்ஸின் தம்பி நெல்சன் குட்இயர். கருங்காலி மரத்தின் ஆங்கிலப் பெயரே இதற்கும் வாய்த்தது. எபோனைட்டைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சூடாக்கினால் தீக்குச்சி உரசிய வாடை வரும். உள்ளே பூட்டி வைத்த கந்தகம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் அந்த வாடைதான், பிளாஸ்டிக்கிலிருந்து எபோனைட்டைப் பிரித்தறிய எளிய வழி.

இரண்டும் கெடும் விதம் வேறு. பையைக் கொல்வது ஆக்சிஜனும் ஓசோனும். சங்கிலிகள் அறுபட்டால் பை பிசுபிசுத்துத் தாரைப் போல ஒட்டும். வேறு வழியில் மேலும் பிணைந்தால் விறைத்து, முட்டை ஓடாக நொறுங்கும். செம்பு இந்தச் சிதைவைப் பல மடங்கு விரைவாக்கும் என்பது ரப்பர்த் தொழிலில் பழைய பாடம். தோட்டங்களில் பாலோடு செம்பு கலக்காமல் பார்த்துக்கொண்டதற்குக் காரணமும் அதுவே. எபோனைட் அப்படி நொறுங்காது. அதற்கு எதிரி வெயிலும் ஈரமும். ஒளி பட்டால் மேற்பரப்பில் உள்ள கந்தகம் ஆக்சிஜனோடு சேரும். ஈரம் கிடைத்தால் அமிலமாகும். கறுப்பு மெல்ல ஆலிவ் பழுப்பாகும். ஜன்னலோர மேசையில் வருடக்கணக்காகக் கிடந்த பேனாவில் மூடி மறைத்த இடம் மட்டும் கறுப்பாக இருப்பதைப் பார்க்கலாம். இதைத் தெரியாமல் முழுப் பேனாவையும் இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் பழுப்புப் பேனாதான் கிடைக்கும். மெருகிட்டால் கறுப்பு திரும்பும். ஆனால் உடலில் இழைத்த நுண்ணிய அலைக்கோடுகளும் முத்திரை எழுத்தும் சேர்ந்து தேய்ந்துவிடும். பழுப்பை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

இனி பழுதுக்கு வரலாம். முதல் வேலை, மை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. பேனாவைத் துடைத்து, வெள்ளைத் திசுத்தாளில் சுற்றி, நிப்பு மேலே இருக்க ஒரு மணி நேரமும் கீழே இருக்க ஒரு மணி நேரமும் வைத்தால் தாளே வாக்குமூலம் தரும். லீவர் பள்ளத்தில் கறை என்றால் பை கிழிந்திருக்கிறது. கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் வளையமாகக் கறை என்றால் மறை தேய்ந்திருக்கிறது, அல்லது பை, கழுத்தின் பின்முனையில் அதை மாட்டும் காம்பிலிருந்து கழன்றிருக்கிறது. உடலில் ஒரு முடிக்கோட்டு அளவில் கறை என்றால் விரிசல். மூடிக்குள் மட்டும் மை என்றால் வெப்பமோ குலுக்கலோ. நிப்புக்கும் நாக்குக்கும் இடையே இடைவெளி விழுந்திருக்கவும் கூடும்.

பை போன பேனாவில் கழுத்தைக் கழற்றுவதில்தான் அதிகப் பேனாக்கள் உயிரை விடுகின்றன. பல லீவர் பேனாக்களில் கழுத்து திருகப்பட்டதல்ல, செருகப்பட்டது. இடுக்கி போட்டு முறுக்கினால் உடலின் வாய் பிளக்கும். முடி உலர்த்தும் கருவியின் வெந்நீர்ச் சூட்டளவு காற்றில் பேனாவைச் சுழற்றிக்கொண்டே காட்டி, உள்ளங்கையால் பிடித்து, பக்கவாட்டில் துளித்துளியாக அசைத்து இழுக்க வேண்டும். வரவில்லையென்றால் மறுபடியும் சூடு, மறுபடியும் பொறுமை. உடல் செல்லுலாய்டாக இருந்தால் தீச்சுடரின் பக்கமே போகக் கூடாது. அது நைட்ரோசெல்லுலோஸ், நொடியில் பற்றி எரியும்.

கழுத்து வந்ததும் உள்ளே கிடப்பது, காம்பில் ஒட்டிய கறுத்த வளையமும் உடலுக்குள் ஓடுஓடாகப் பழைய பையும். ஓடுகளைத் தட்டிக் கொட்டலாம். வளையத்தை நகத்தாலோ மழுங்கிய கத்தியாலோ சுரண்ட வேண்டும். மயிரிழை அளவு பழைய ரப்பர் காம்பில் மிஞ்சினாலும் புதுப் பை அங்கே சரியாக உட்காராது. ஒழுகல் அந்த இழை வழியே திரும்பி வரும். புதுப் பைக்கு எண் உண்டு. 16 என்றால் அதன் விட்டம் அங்குலத்தில் அறுபத்துநான்கில் பதினாறு, அதாவது கால் அங்குலம். உடலுக்குள் உரசாமல் நுழையும் எண்ணைத் தேர்ந்து, நீளத்தை அளந்து வெட்டி, காம்பில் அவல் அரக்கை மெல்லியதாகத் தடவி மாட்ட வேண்டும். ஒரு நாள் காய்ந்த பிறகு பையின் மேல் டால்கம் பவுடர் தூவுவது, லீவரின் உலோகப் பட்டை அழுத்தும்போது ஒட்டிக்கொள்ளாமல் வழுக்குவதற்காக.

அரக்கு ஏன்? இந்தியக் காடுகளில் அரக்குப் பூச்சி சுரப்பது அது. எரிசாராயத்தில் கரையும், காய்ந்தால் மை புகாது, மிதமான சூட்டில் இளகும். இன்னும் முப்பது வருடம் கழித்து இந்தப் பையும் கெடும்; அப்போது அதைத் திறப்பவர் லேசாகச் சூடு காட்டினால் போதும். சூப்பர் குளூவுக்கு அந்தக் கருணை கிடையாது. அது பிடித்தால் பிடித்ததுதான். அடுத்த முறை கழுத்து உடையும். மலேசியாவானாலும் தமிழ்நாடானாலும் பழைய பேனாக்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய கேடு காலமல்ல, அவசரத்தில் ஊற்றிய சூப்பர் குளூ.

மறை வழியே ஒழுகினால் சிலிக்கோன் கிரீஸ் ஒரு துளி. வேசலின் வேண்டவே வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதவைத்து நாசமாக்கும்.

நாக்கில் காய்ந்த மை அடைத்திருந்தால் காற்றுப் போக்குவரத்து திக்கித் திணறி, சில நேரம் எழுதாது, சில நேரம் குபுக்கென்று கொட்டும். சாதாரணத் தண்ணீர் போதாவிட்டால் வீட்டு அம்மோனியாவில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து நாக்கை மட்டும் அலசலாம். சாயம் கரைந்து ஓடும். பால் கொட்டகையில் பால் உறையாமல் காத்ததும் இதே அம்மோனியாதான். அங்கே பாலிலுள்ள துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுத்தது, இங்கே ஒட்டிக் கிடக்கும் சாயத்தைக் கரைக்கிறது. அலசியதும் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தை இதன் அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது; இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு.

நிப்புக்கும் நாக்குக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் எபோனைட்டின் மிக அழகான குணம் உதவிக்கு வரும். கொதித்து இறக்கிய நீரில் நிப்பும் நாக்கும் சேர்ந்த முனையை ஒரு நிமிடம் நனைத்து எடுத்து, நாக்கைக் கட்டைவிரலால் நிப்பின் மேல் அழுத்திப் பிடித்தால் இளகிய எபோனைட் வளைந்து கொடுக்கும். குளிர்ந்த நீரில் காட்டினால் அப்படியே நின்றுவிடும். பிளாஸ்டிக் நாக்கு இதற்கு இணங்காது. மை படியும் விஷயத்திலும் அப்படியே: எபோனைட்டின் நுண்ணிய சொரசொரப்பில் மை தானே பரவும், பிளாஸ்டிக்கில் அதற்குத் தனியாகப் பதம் செய்ய வேண்டும். அதனால்தான் எத்தனையோ புதுப் பொருட்கள் வந்த பிறகும் நாக்கு மட்டும் எபோனைட்டில் வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களின் கேள்விக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் முழுக்க இந்தியாவிலேயே செய்த பேனாவை காந்திக்கு அனுப்பி, 1935-இல் அவரிடமிருந்து பாராட்டுக் கடிதம் பெற்றார். அந்தக் குடும்பம் எபோனைட் கம்பியைக் கடைசலில் ஏற்றிப் பேனா செய்வதைத் தொடர்ந்தது. திருவள்ளூரின் ரங்கா பேனாக்கள் அதே கைக்கடைசல் மரபில் பிறப்பவை. சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ 1920களிலிருந்து பேனா விற்றுவருகிறது. இந்தக் கடைசல்காரர்களின் பேனாக்களில் பெரும்பகுதி பையே இல்லாதவை. ஃபில்லரால் உடலுக்குள் நேரே மை ஊற்றுபவை. கெடுவதற்குப் பை இல்லை என்பது அவற்றின் பலம். காற்றும் வெப்பமும் நேரடியாக விளையாட இடம் தருவது அவற்றின் பலவீனம்.

பெரிய நிறுவனங்கள் வேறு வழியில் போயின. பார்க்கர் 51 பேனாவின் 1948 மாதிரியில் ரப்பர் சவ்வு நீங்கி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை வந்தது. எழுபது வருடம் கடந்தும் அவற்றில் பல மாற்றப்படாமலே மை உறிஞ்சுகின்றன, கழுவினால் போதும். அந்தப் பேனாவின் சாயலில் ஷாங்காயிலிருந்து வந்த ஹீரோ பேனாக்கள்தாம் மலேசியப் பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப்பைகளை நீல வட்டங்களால் அடையாளப்படுத்தியவை.

பழுதுபார்த்த பேனாவில் முதல் நிரப்புதலுக்குச் சாதாரண, கழுவினால் போகும் நீல மை போதும். நிறமித் துகள் கலந்த நிரந்தர மையும், இரும்புச் சத்துள்ள பழைய வகை நீலக்கறுப்பும் குறுகிய கீறல்களில் படிந்து மறுபடி அடைக்கும். ஒரு வாரம் எழுதிப் பார்த்து, திசுத்தாள் சோதனையை இன்னொரு முறை செய்து, கறை இல்லையென்றால் சட்டைப்பைக்குத் தயார். பேனாவைக் கடைசல்காரரிடமே காட்டலாம் என்று கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறுபவர்கள் மட்டும் ஒன்றைச் செய்ய வேண்டும். விமான அறையின் அழுத்தம் தரையைவிடக் கால் பங்கு வரை குறையும். பாதி காலியான பேனாவில் அந்த ஒன்றரை மில்லி காற்று விரிந்து சுமார் பத்துச் சொட்டு மையை வெளியே தள்ளும். முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ, நிப்பு மேல்நோக்கி இருக்கும்படி வைத்துக்கொண்டு போக வேண்டும்.